சாயத்தொட்டியில் அயனிகள்: காஞ்சிப் பட்டும் அயனிப் பிணைப்பும்

அயனிப் பிணைப்பைப் பற்றிப் பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் செய்தி சுருக்கமானது. உலோக அணு ஒன்று தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானை அலோக அணுவுக்குக் கொடுக்கிறது. கொடுத்தது நேர்மின் அயனியாகவும் பெற்றது எதிர்மின் அயனியாகவும் மாறுகின்றன. எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் பிணைப்பு உண்டாகிறது. இதில் பிழை ஏதும் இல்லை. ஆயினும், இரண்டு அயனிகளை மட்டும் தனியே நிறுத்திப் பார்க்கும் இவ்விளக்கம், அப்பிணைப்பு ஏன் ஓரிடத்தில் பாறைபோல் உறுதியாகவும் மற்றோரிடத்தில் ஒரு குவளை நீருக்கே தாங்காததாகவும் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. அயனிப் பிணைப்பின் வலிமை அதில் பங்கு கொள்ளும் இரு அயனிகளிடம் மட்டும் இல்லை, அவற்றைச் சூழ்ந்திருப்பவை எவை என்பதிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது என்பதை நிறுவுவதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

இதனைக் காட்டுவதற்குக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் அரிது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறியேறும் பட்டுநூல், தறிக்கு வருமுன் சோப்பு, சோடா, அமிலம், உப்பு, சாயம் ஆகிய ஐந்தையும் சந்தித்துவிட்டே வருகிறது. இவற்றுள் சோப்பும் சோடாவும் உப்பும் அயனிச் சேர்மங்கள். பட்டுக்கு ஏற்றப்படும் சாயங்களுள் பெரும்பாலானவையும் அவ்வாறே. அமிலமோ நீரில் அயனியைத் தருவது. சாயம் போடுபவர் தம் பட்டறிவால் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் அயனிகளின் ஈர்ப்பிலும் போட்டியிலும் காரணம் இருக்கிறது.

எலக்ட்ரானைக் கொடுப்பதில் இலாபம் இல்லை

அயனிப் பிணைப்பின் மின்னியல் கருத்தை ஜெர்மனியில் வால்தர் கோசெல் 1916-இல் வகுத்துரைத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸ், வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறையும்போது அணுக்கள் நிலைத்த தன்மை பெறுகின்றன என்ற கருத்தை விளக்கினார். இக்கருத்தே பின்னாளில் எண்ம விதி எனப் பெயர் பெற்றது. சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்றும், குளோரினின் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்றும் கூடுகளில் அமைந்திருப்பதால், முன்னதன் ஓர் எலக்ட்ரான் பின்னதற்குச் சென்றால் இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு நிறைகிறது. இதனால் இரண்டு அணுக்களும் விரும்பியே இம்மாற்றத்தில் ஈடுபடுகின்றன என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது.

கணக்கு வேறு விதமாக இருக்கிறது. வாயு நிலையிலுள்ள அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றல் அயனியாக்கும் ஆற்றல் எனப்படும்; சோடியத்துக்கு இது மோலுக்கு 496 கிலோஜூல். அணு ஒன்று எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றல் எலக்ட்ரான் நாட்டம் எனப்படும். குளோரினுக்கு இது 349 கிலோஜூல். செலவு 496, வரவு 349 என்றால், எலக்ட்ரான் இடம் மாறியதால் மட்டும் 147 கிலோஜூல் நட்டமே மிஞ்சுகிறது. எட்டு நிறைவதற்காக எந்தச் சோடியமும் தானாக எலக்ட்ரானைக் கைவிடுவதில்லை என்பதே இதன் பொருள்.

நட்டத்தை ஈடு செய்வது அயனிகளுக்கிடையே உள்ள மின் ஈர்ப்பு. உப்புப் படிகத்தில் அடுத்தடுத்துள்ள சோடியம், குளோரைடு அயனிகளின் மையங்களுக்கு இடையே 282 பிகோமீட்டர் தொலைவு உள்ளது. ஒரு பிகோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இத்தொலைவுக்கு ஓர் இணை அயனிகள் ஒன்றையொன்று நெருங்கினால் மோலுக்கு ஏறத்தாழ 493 கிலோஜூல் வெளிப்படும். ஆனால் படிகத்தில் எந்த அயனியும் ஒரே துணையோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் பன்னிரண்டு சோடியம் அயனிகள் விலக்கியபடி நிற்கின்றன. அதற்கும் அப்பால் எட்டு குளோரைடுகள் மீண்டும் ஈர்க்கின்றன. இவ்வாறு ஈர்ப்பையும் விலக்கலையும் படிகம் முழுவதற்கும் கூட்டிக் கழித்தால், தனி இணைக்குக் கிடைத்ததைப்போல் 1.748 மடங்கு ஈர்ப்பு எஞ்சுகிறது. இவ்வெண் எர்வின் மாடலுங் என்ற இயற்பியலாளரின் பெயரால் மாடலுங் மாறிலி எனப்படுகிறது. இதன்படி 493 கிலோஜூல் ஏறத்தாழ 861 ஆக உயர்கிறது. நெருங்கிய அயனிகளின் எலக்ட்ரான் முகில்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைய, எஞ்சும் 787 கிலோஜூலே படிகக்கூடு ஆற்றல் ஆகும். வாயு நிலை அயனிகள் ஒன்றுகூடித் திண்மப் படிகமாக அமையும்போது வெளிப்படும் ஆற்றல் என்று இதனை வரையறுக்கலாம்.

மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் 1919-இல் வகுத்த சுற்று இக்கணக்கை முழுமையாக்குகிறது. திண்மச் சோடியத்தை வாயுவாக்க 107, குளோரின் மூலக்கூற்றைப் பிளந்து ஓர் அணுவைப் பெற 122, சோடியத்தை அயனியாக்க 496 எனச் செலவு 725 கிலோஜூல். குளோரின் எலக்ட்ரானை ஏற்பதால் 349, படிகம் அமைவதால் 787 என வரவு 1,136 கிலோஜூல். இவ்விரண்டின் வேறுபாடான 411 கிலோஜூல், சோடியமும் குளோரினும் வினைபுரியும்போது வெளிப்படுவதாக வெப்ப அளவீடு காட்டும் மதிப்பேயாகும். வரவில் மிகப் பெரிய பங்கு படிகத்தினுடையது என்பதால், உப்பை உப்பாக்குவது எலக்ட்ரான் கைமாறும் நிகழ்ச்சியைவிட அயனிகள் திரண்டு கூடும் நிகழ்ச்சியே என்று துணியலாம்.

படிகத்துக்குள் தனித்த சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று ஒன்று இல்லை என்பதை 1913-இல் வில்லியம் ஹென்றி பிராக், லாரன்ஸ் பிராக் ஆகிய தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வெளிப்படுத்தியிருந்தனர். எந்தச் சோடியமும் எந்தக் குளோரைடுக்கும் தனியுரிமை உடையதன்று என்ற இம்முடிவு வேதியியலாளருக்கு எவ்வளவு அந்நியமாகத் தோன்றியது என்றால், ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கில வேதியியலாளர் 1927-இல்கூட இதனைக் கடுமையாகச் சாடி நேச்சர் இதழில் எழுதினார். ஆயினும் படிகத்தின் பண்புகள் அனைத்தும் பிராக்கின் பக்கமே நின்றன. தூத்துக்குடி உப்பளத்தில் விளையும் கல்லுப்பு கனசதுர வடிவில் உடைவதும், 801 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் நிற்பதும், சுத்தியால் தட்டினால் ஓர் அடுக்கு நகர்ந்து ஒத்த மின்சுமைகள் எதிரெதிரே வர, அவை ஒன்றையொன்று தள்ளிப் படிகம் பிளப்பதும் இக்கட்டமைப்பின் விளைவுகளே. அயனிகளின் மின்சுமை இரட்டிப்பாகும்போது ஈர்ப்பு நான்கு மடங்காகும் என்பதற்கு, அதே கட்டமைப்புடைய மக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் தேவைப்படுவது சான்றாகும்.

நீர் செய்யும் மாற்றம்

801 டிகிரி வெப்பத்தால் கலைக்க வேண்டிய படிகம், அறை வெப்பநிலையிலுள்ள 100 மில்லி நீரில் 36 கிராம் அளவுக்குக் கரைந்துவிடுகிறது. இதற்குக் காரணம் நீரின் இரு பண்புகள். நீர் மூலக்கூற்றில் ஆக்சிஜன் முனை சிறிதே எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன் முனைகள் சிறிதே நேர்மின்சுமையும் கொண்டிருப்பதால், சோடியம் அயனியை ஆக்சிஜன் முனைகளும் குளோரைடு அயனியை ஹைட்ரஜன் முனைகளும் நெருக்கமாகச் சூழ்ந்துகொள்கின்றன. இது நீரேற்றம் எனப்படும். மேலும், இரு மின்சுமைகளுக்கு இடையே நீர் நிறைந்திருக்கும்போது அவற்றின் ஈர்ப்பு வெற்றிடத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஓர் ஊடகம் மின் ஈர்ப்பை எத்தனை மடங்கு தணிக்கிறது என்பதைக் குறிக்கும் எண் மின்காப்பு மாறிலி எனப்படும். நீருக்கு இது 80 அளவில் இருப்பதும், எண்ணெய்களுக்கும் பெட்ரோலியக் கரைப்பான்களுக்கும் ஒற்றை இலக்கத்தில் இருப்பதும் பின்னர்ப் பெரிதும் பயன்படவிருக்கும் செய்திகள்.

நீரேற்றத்தால் அயனிகள் வெளிவிடும் ஆற்றல், படிகக்கூட்டைக் கலைக்கத் தேவையான 787 கிலோஜூலுக்கு ஏறக்குறைய இணையானது. பற்றாக்குறை மோலுக்கு 4 கிலோஜூல் மட்டுமே. அச்சிறு பற்றாக்குறையைக் கரைசல் தன் வெப்பத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த அயனிகள் நீர் முழுவதும் பரவுவதால் விளையும் ஒழுங்கின்மையின் மிகுதி கரைதலை முன்தள்ளுகிறது. படிகத்தில் மிக உறுதியாக இருந்த பிணைப்பு நீரில் இல்லாமலேயே போய்விடுகிறது. அயனிகள் மாறவில்லை, சூழல் மாறிவிட்டது.

நீரில் கரைந்த உப்பு அயனிகளாகப் பிரிந்தே இருக்கிறது என்பதை 1880-களில் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் முன்வைத்தார். ஆனால் ஒரு பகுதி மட்டுமே பிரிகிறது என்று அவர் கருதினார். சாதாரண உப்பு போன்ற வலிய மின்பகுளிகள் முழுவதும் அயனிகளாகவே உள்ளன என்றும், அவற்றின் நடத்தையில் காணும் வேறுபாடுகளுக்கு அயனிகளுக்கிடையே உள்ள மின்விசைகளே காரணம் என்றும் கொண்டு, வங்கத்தைச் சேர்ந்த ஞான் சந்திர கோஷ் 1918-இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். கரைசலிலும் அயனிகள் படிகத்தைப்போல் ஒழுங்காக நிற்கின்றன என்ற அவரது கணிப்பு நிலைக்கவில்லை. 1923-இல் டிபையும் ஹியூக்கலும் வகுத்த கொள்கை அதன் இடத்தைப் பிடித்தது. எனினும் முழுப் பிரிகை, அயனிகளின் பரஸ்பர விசை என்ற இரு அடிப்படைகளும் அவரிடம் தெளிவாகவே இருந்தன. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக விளங்கியவரும் இவரே.

பட்டிழை சுமக்கும் மின்சுமைகள்

பட்டுப்புழு நூற்கும் இழையில் இரண்டு புரதங்கள் உள்ளன. உள்ளே இருக்கும் ஃபைப்ரோயின் என்பதே பட்டு. அதனைப் போர்த்தியிருக்கும் பசை செரிசின். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு செரிசின் ஆகையால், சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலைக் கொதிக்கவைத்து அதனை முதலில் நீக்குகின்றனர். பசை போன பின்னரே பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வருகின்றன. காரத்தன்மையுள்ள நீரில் செரிசினின் அமிலத் தொகுதிகள் எதிர்மின்சுமை பெறுகின்றன. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுவதாலும் நீர் அவற்றைச் சூழ்வதாலும் பசை இளகிக் கரைகிறது. ஃபைப்ரோயினில் அத்தகைய தொகுதிகள் குறைவாகவும் புரதச் சங்கிலிகள் நெருக்கமாகவும் இருப்பதால் அது கரையாமல் நிற்கிறது.

பாலாற்று நீரும் வேகவதி ஆற்று நீரும் பட்டுக்குத் தனி ஒளி தருவதாகக் காஞ்சியில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. எந்த நீர் பட்டுக்கு உகந்தது என்பதற்கு வேதியியல் தரும் அளவுகோல், அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளின் அளவாகும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. ஒற்றை மின்சுமையுள்ள சோடியம் நீரில் எளிதில் பிரிந்துவிடுவதால் சோப்பு கரைகிறது. இரட்டை மின்சுமையுள்ள கால்சியம் வந்தால் இரண்டு கொழுப்பு அமில அயனிகளை இறுகப் பற்றிக்கொண்டு கரையாத திரையாகப் படிகிறது. அத்திரை இழைமேல் ஒட்டினால் பளபளப்பு மங்கும். சாயமும் சீராக ஏறாது. கடினநீரைச் சாயப்பட்டறைகள் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்.

ஃபைப்ரோயினின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கிளைசினும் அலனினும் ஆகும். இவற்றின் பக்கத் தொகுதிகளில் மின்சுமை இல்லை. லைசின், ஆர்ஜினின் போன்ற காரத் தொகுதியுடைய அமிலங்களும், அஸ்பார்ட்டிக், குளூட்டாமிக் போன்ற அமிலத் தொகுதியுடையவையும் சிறிய அளவிலேயே உள்ளன. சாயம் ஏறுவதோ பெரும்பாலும் இச்சிறுபான்மையை நம்பித்தான். கம்பளியில் காரத் தொகுதிகள் பன்மடங்கு மிகுதியாக இருப்பதால், ஒரே சாயம் கம்பளியைப் பற்றும் அளவுக்குப் பட்டைப் பற்றுவதில்லை.

நடுநிலை நீரில் நனைந்திருக்கும் பட்டில் காரத் தொகுதிகள் ஏற்கெனவே ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின்சுமையுடனும், அமிலத் தொகுதிகள் ஒரு புரோட்டானை இழந்து எதிர்மின்சுமையுடனும் நிற்கின்றன. புரோட்டான் என்பது இங்கு ஹைட்ரஜன் அயனியைக் குறிக்கும். இவ்விரு வகைத் தொகுதிகளும் ஒன்றையொன்று ஈர்த்துப் புரதத்துக்குள்ளேயே உப்புப் பாலங்கள் எனப்படும் அயனி இணைப்புகளை அமைத்துக்கொள்கின்றன. சாயம் வந்து சேர வேண்டிய இடம், இவ்வாறு புரதத்தின் சொந்த எதிர்மின்சுமையாலேயே நிரப்பப்பட்டிருக்கிறது.

அமிலத்தின் வேலை

பட்டுக்கு இன்று பெரிதும் பயன்படுவன அமிலச் சாயங்கள். இவை அமிலத் தொட்டியில் ஏற்றப்படுவதால் இப்பெயர் பெற்றன. கடையில் வாங்கும் தூள் உண்மையில் சோடியம் உப்பு. 1876-இல் கண்டறியப்பட்ட ஆரஞ்சு 2 என்ற சாயத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நிறம் தரும் பெரிய கரிமப் பகுதியோடு, கந்தகமும் மூன்று ஆக்சிஜன்களும் கொண்ட சல்ஃபோனேட் தொகுதி ஒன்று இதில் இணைந்துள்ளது. தூளை வெந்நீரில் கரைத்தவுடன் சோடியம் பிரிந்து போக, எதிர்மின்சுமையுள்ள நிற அயனி நீரில் மிதக்கிறது.

பசை நீக்கிய நூற்கழிகளைக் கோல்களில் மாட்டிச் சாயநீரில் தோய்த்து இடைவிடாமல் திருப்பிக்கொடுக்கும் முறையில், சாயம் போடுபவர் அமிலத்தைத் தொடக்கத்திலேயே முழுவதும் ஊற்றுவதில்லை. நூல் நன்கு நனைந்து, நீர் மெல்லச் சூடேறி, கழியின் உட்புறத்துக்கும் சாயநீர் சென்ற பிறகே அசெட்டிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார். தொட்டியின் பி.எச். மதிப்பு, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 4-க்கும் 5-க்கும் இடையே வரும்போது நீரின் நிறம் வெளிறத் தொடங்கி நூலின் நிறம் அடர்கிறது. பட்டின் நேர்மின்சுமையை அமிலம் உண்டாக்குகிறது என்று இதனை விளக்குவது வழக்கம். உண்மையில் நேர்மின்சுமை முன்பே இருந்தது; அமிலம் தரும் புரோட்டான்கள் எதிர்மின்சுமையுள்ள அமிலத் தொகுதிகளிற் பலவற்றோடு சேர்ந்து அவற்றின் மின்சுமையை நீக்கிவிடுகின்றன. உப்புப் பாலம் அறுகிறது. துணையிழந்த காரத் தொகுதியின் நேர்மின்சுமை வெளிப்படுகிறது. சாய அயனி அவ்விடத்துக்கு ஈர்க்கப்படுகிறது. ஓர் அயனிப் பிணைப்பைக் கலைத்து அதன் இடத்தில் மற்றொன்றை அமைப்பதே அமிலத் தொட்டியில் நடக்கும் செயல்.

இவ்விளக்கம் சரியானதா என்பதை, மின்சுமை மாறிய சாயத்தைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். 1856-இல் வில்லியம் பெர்க்கின் தம் 18-ஆவது வயதில் உருவாக்கிய மாவ் என்ற ஊதாச் சாயம் முதலில் பட்டுக்கே பயன்பட்டது. அதன் நிறப் பகுதி நேர்மின் அயனி ஆகும். இத்தகைய காரச் சாயங்கள் பட்டின் எதிர்மின் தொகுதிகளை நாடுகின்றன. தொட்டியில் அமிலம் சேர்த்தால் அத்தொகுதிகள் மின்சுமை இழப்பதால் சாயம் ஏறும் வேகம் குறைகிறது. அமிலச் சாயத்தை விரைவுபடுத்தும் அதே அமிலம் காரச் சாயத்தைத் தாமதப்படுத்துகிறது என்பது, பட்டின்மீது நடப்பது மின்சுமைகளின் ஆட்டமே என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது.

ஆயினும் சாயத்தொட்டியின் எல்லாப் பிணைப்புகளும் முழுமையாக அயனித் தன்மை உடையவை அல்ல. செயற்கைச் சாயங்கள் வருமுன் சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பைப் பருத்தியில் நிறுத்தப் படிகாரம் பயன்பட்டது. படிகாரத்திலுள்ள அலுமினியம் மூன்று நேர்மின்சுமைகளைச் சிறு உருவில் சுமப்பதால், அண்டை எதிர்மின் அயனியின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கிறது. எலக்ட்ரான்கள் ஓரளவு பகிரப்படுவதால் அப்பிணைப்பு அயனித் தன்மையிலிருந்து சகப்பிணைப்பை நோக்கி நகர்கிறது. காசிமிர் ஃபயான்ஸ் 1923-இல் வகுத்த இவ்விதி, முழுமையான அயனிப் பிணைப்பு என்பது ஓர் எல்லை நிலையே என்பதை நினைவூட்டுகிறது.

ஒரே உப்பு, இருவேறு விளைவு

சாயப்பட்டறைகளில் சோடியம் சல்ஃபேட் என்ற உப்பு, கிளாபர் உப்பு என்ற பெயரில் புழங்குகிறது. பட்டுத் தொட்டியில் இதனைச் சேர்த்தால் அமிலச் சாயம் மெதுவாக ஏறுகிறது. திருப்பூரில் பருத்திக்குச் சாயமேற்றும் தொட்டியில் இதையோ சாதாரண உப்பையோ சேர்த்தால் சாயம் விரைவாகவும் மிகுதியாகவும் ஏறுகிறது. ஒரே பொருள் நேர்மாறாக வேலை செய்வதற்குக் காரணம் இழையின் மின்சுமை.

அமிலத் தொட்டியில் பட்டு நேர்மின்சுமையுடன் நிற்பதால், சல்ஃபேட் அயனிகளும் சாய அயனிகளும் ஒரே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. சிறிய சல்ஃபேட் அயனிகள் விரைந்து சென்று இடம் பிடித்துக்கொள்கின்றன. இழையோடு கூடுதல் நாட்டமுடைய சாய அயனிகள் பின்னர் மெல்ல அவற்றை வெளியேற்றி அவ்விடங்களில் அமர்கின்றன. இத்தாமதத்தால் கழியின் வெளிப்புற இழைகளே சாயத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளாமல் உட்புறமும் சமமாகப் பெறுகிறது, திட்டு விழுவதில்லை. ஒரு சேலையின் உடல் முழுவதும் ஒரே அரக்கு நிறமாகவோ மாம்பழ மஞ்சளாகவோ நிற்பதற்கு இச்சீர்மை இன்றியமையாதது. மயில்கழுத்து நிறம்போல் பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்யும்போது, நூலில் விழுந்த சிறு திட்டும் துணியில் வரியாகத் தெரிந்துவிடும்.

பருத்தியோ நீரில் நனைந்ததும் மேற்பரப்பில் சிறிது எதிர்மின்சுமை பெறுகிறது. அதற்குரிய சாயமும் எதிர்மின் அயனியே ஆதலால் இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. லிட்டருக்கு 50 கிராம், அதற்கு மேலும்கூட உப்பைச் சேர்க்கும்போது, சோடியம் அயனிகள் இழையின் மேற்பரப்பில் திரண்டு அவ்விலக்கத்தை மறைக்கின்றன. சாயம் இழையை நெருங்குகிறது. பின்னர்க் காரம் சேர்த்ததும் வினைச்சாயம் எனப்படும் அச்சாயம் பருத்தியோடு சகப்பிணைப்பால், அதாவது எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பால், நிலையாக இணைந்துவிடுகிறது. பருத்தியில் அயனிகள் வழியை மட்டும் அமைத்துத் தருகின்றன. பட்டில் அவையே பிணைப்பாகவும் நிற்கின்றன.

நனைதலும் உலர்தலும்

அயனிப் பிணைப்பைச் சாயத்தின் காவலாகக் கொண்ட பட்டுக்கு, நீர் ஏன் அஞ்சத்தக்கது என்பதும் இதிலிருந்தே விளங்கும். உலர்ந்த புரதத்தில் மின்காப்பு மாறிலி ஒற்றை இலக்க அளவே ஆதலால், அங்குள்ள சாய அயனியும் காரத் தொகுதியும் மிக உறுதியாக ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. சேலை நனைந்ததும் இழைக்குள் புகும் நீர் அவ்வீர்ப்பைத் தளர்த்துகிறது. நீர் மட்டும் என்றால் சாயம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்; ஏனெனில் அயனி ஈர்ப்போடு, நிறப் பகுதிக்கும் புரதச் சங்கிலிக்கும் இடையே வாண்டர்வால்ஸ் விசைகள் எனப்படும் மெல்லிய ஈர்ப்புகளும், நீரை விலக்கும் பகுதிகள் நீரினின்று ஒதுங்கி ஒன்றுசேரும் போக்கும் துணை நிற்கின்றன. பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட அமிலச் சாயங்களும் உலோகக் கூட்டுச் சாயங்களும் சிறியவற்றைவிடச் சலவைக்கு நன்கு நிற்பது இத்துணை விசைகளின் மிகுதியாலேயே.

காரத்தன்மையுள்ள சோப்பு சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. ஹைட்ராக்சைடு அயனிகள், மின்சுமை இழந்திருந்த அமிலத் தொகுதிகளின் புரோட்டான்களைப் பறிக்க, அவை மீண்டும் எதிர்மின்சுமை பெற்றுச் சாயத்தை விலக்குகின்றன. காரம் மிகுந்தால் காரத் தொகுதிகளும் தம் புரோட்டான்களை இழக்க, ஈர்த்துநின்ற நேர்மின்சுமையே மறைகிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனியே ஊடை கோத்து நெய்யப்படும் கோர்வைச் சேலையில், கரையின் சாயம் இளகி உடலில் ஏறினால் இரு நிறங்களின் எல்லை கெட்டுவிடும். உலர்சலவை செய்வோர் பயன்படுத்தும் கரிமக் கரைப்பான்களின் மின்காப்பு மாறிலி மிகக் குறைவாதலால் அயனிப் பிணைப்பு அவற்றில் தளர்வதில்லை. எண்ணெய்க் கறை போகிறது, சாயம் போவதில்லை.

புதுத் துணியை முதல் முறை உப்புநீரில் அலசும் வழக்கம் தமிழகத்து வீடுகளில் உண்டு. பருத்தியில் சாயத்துக்கும் இழைக்கும் இடையே உள்ள விலக்கத்தை உப்பு மறைப்பதால், அலசும் நேரத்திலாவது சாயம் கசிவதைக் குறைக்க அது உதவக்கூடும். பட்டுக்கு அக்காரணம் பொருந்தாது. குளோரைடு அயனி அங்கே சாயத்துக்குப் போட்டியாகவே வருகிறது. பட்டுச் சேலையை அலசும் நீரில் சில துளி வினிகர் சேர்ப்பது, அமிலத் தொட்டியின் சூழலைச் சிறிது நேரம் மீட்டுத் தருவதால், தருக்கத்துக்கு ஒத்த செயலாகும்.

கல்லுக்குள் உப்பு

நீர் விலகினால் அயனிப் பிணைப்பு மீண்டும் தன் முழு வலிமையைப் பெறும் என்பது காஞ்சியின் கோயிற்கலைக்கும் தொடர்புடைய செய்தி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் பெரும்பாலும் மணற்கல்லால் ஆனது. மணற்கல் போன்ற நுண்துளைகள் நிறைந்த கல்லில் நிலத்து ஈரம் ஏறும்போது கரைந்த உப்புகளும் உடன் ஏறுகின்றன. மேற்பரப்புக்கு அருகில் நீர் ஆவியாக, அயனிகள் நெருங்கித் துளைகளுக்குள்ளேயே படிகங்களாக வளர்கின்றன. இடம் போதாதபோது படிகம் துளையின் சுவர்களை அழுத்துகிறது. நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ, மணற்கல்லின் துகள்கள் பொடியாக உதிர்கின்றன. கருங்கல்லில் துளைகள் மிகக் குறைவாதலால் அது இத்தாக்குதலைப் பெரிதும் தாங்குகிறது. மணற்கல் சிற்பங்களைக் காப்போர் உப்பைத் துடைப்பதைவிட ஈரம் ஏறும் வழியை அடைப்பதற்கே முதலிடம் தர வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

கரைந்தது மறைவதில்லை

உப்பு நீரில் கரைவதைப் பற்றிய பொதுவான எண்ணத்தில் ஒரு மயக்கம் உண்டு: கண்ணுக்குத் தெரியாமற் போனது இல்லாமற் போனதாகக் கொள்ளப்படுகிறது. சாயக் கழிவுநீரில் நிறத்தை நீக்குவது ஒப்பீட்டளவில் எளிது. படிகாரத்தின் அலுமினியம் அயனிகள் எதிர்மின்சுமையுள்ள சாயத் துகள்களைத் திரளச் செய்ய, அவை படிந்துவிடுகின்றன. ஆனால் சோடியமும் சல்ஃபேட்டும் குளோரைடும் நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டுத் தனித்தனியே மிதப்பதால், மணல் வடிகட்டியில் சிக்குவதில்லை. நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைப்பதும் இல்லை. அழுத்தத்தில் நீரைச் சவ்வூடு செலுத்தும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையாலோ, நீரையே ஆவியாக்கியோதான் அவற்றைப் பெரும்பாலும் பிரிக்கின்றனர். இரண்டுக்கும் செலவாகும் ஆற்றல் மிகுதி.

இவ்வேதியியலைப் பொருட்படுத்தாததன் விலையைத் தமிழகத்தின் இரு ஆறுகள் கொடுத்திருக்கின்றன. காஞ்சிக்கு மேற்கே, பாலாற்றுப் படுகையின் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளில் தோலைக் கெடாமல் வைக்கப் பயன்பட்ட உப்பு நிலத்தடி நீருக்குச் சென்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. நொய்யலாற்றில் திருப்பூர்ச் சாய ஆலைகளின் உப்பு கலந்ததன் தொடர்ச்சியாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் உப்பையும் நீரையும் மீட்கும் முறை அங்கு அதன்பின் கட்டாயமாக வேரூன்றியது.

பட்டுச் சாயமேற்றலுக்குப் பருத்தியைப்போல் பெருமளவு உப்பு தேவையில்லை என்பது காஞ்சிக்கு வாய்ப்பான செய்தி. தொட்டியில் உப்பைச் சேர்ப்பதற்குப் பதிலாக, அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தும் வெப்பத்தை மெல்ல உயர்த்தியும் சாயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியும். இழையின் மின்சுமை எப்போது வெளிப்படுகிறது என்பதை அறிந்தவருக்கு இது கடினமன்று. அமிலச் சாயம் நன்கு ஏறி முடிந்த தொட்டியில் நீர் ஏறக்குறையத் தெளிந்திருக்கும் ஆதலால், கழிவில் போகும் சாயமும் குறைகிறது. சாயம் போடுபவரின் பட்டறிவில் ஏற்கெனவே உள்ள இம்முறைக்கு, அளவுகோலும் காரணமும் சேர்த்துத் தருவதே வேதியியல் செய்யத்தக்க உதவி.

படிகத்தில் 787 கிலோஜூல், நீரில் ஏறத்தாழ எதுவும் இல்லை, நனைந்த பட்டில் தளர்வு, உலர்ந்த பட்டில் உறுதி, கல்லின் துளையில் பாறையை உடைக்கும் அழுத்தம் என இத்தனை முகங்களும் ஒரே விதியின் விளைவுகள். எதிரெதிர் மின்சுமைகள் ஈர்க்கின்றன என்ற அவ்விதி எங்கும் மாறுவதில்லை. எத்தனை அண்டை அயனிகள் உள்ளன, இடையில் உள்ள ஊடகம் எது, அதே இடத்துக்குப் போட்டியிடுபவை எவை என்ற மூன்றும் மாறுகின்றன. அயனிப் பிணைப்பைக் கற்பிக்கும் வகுப்பு இம்மூன்று கேள்விகளையும் எலக்ட்ரான் கைமாறும் படத்தோடு சேர்த்தே வைக்குமானால், உப்பு ஏன் கரைகிறது என்பதும் சேலையின் சாயம் ஏன் இறங்குகிறது என்பதும் கழிவுநீரின் உப்பு ஏன் போக மறுக்கிறது என்பதும் மாணவருக்கு ஒரே பாடமாக விளங்கும்.